அயெந்தேயின் கூட்டணியில் கம்யூனிஸ்டுகள்தான் நிதானமானவர்களா?

ஆமாம், கேட்க வினோதமாக இருந்தாலும் அதுதான் உண்மை. சிலியில் 1970 அதிபர் தேர்தலில் சோசலிஸ்டான சால்வதோர் அயெந்தே ஏறத்தாழ 36 சதவீத வாக்கோடுதான் ஜெயித்தார், நாடாளுமன்றத்திலும் பெரும்பான்மை கிடையாது. அவருடைய ‘மக்கள் ஒற்றுமை’ கூட்டணியில் கம்யூனிஸ்டுகள், சோசலிஸ்டுகள், நடுத்தர வர்க்கத்து ராடிக்கல் கட்சி, அப்புறம் மாப்பு மாதிரி சில சின்னக் கட்சிகள். தாமிரச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்குவதில் தகராறே இல்லை. 1971இல் எதிர்க்கட்சிகளே அதை ஆதரித்து வாக்களித்தன.

சண்டை மாற்றங்களின் வேகத்தைப் பற்றியது. கிடைத்ததை முதலில் உறுதியாக்குவோம், எதிர்க்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு பேசுவோம் என்றார்கள் கம்யூனிஸ்டுகள். பேரமே கூடாது என்று நின்றது அல்தமிரானோ தலைமையிலான சோசலிஸ்ட் கட்சி, அதாவது அயெந்தேயின் சொந்தக் கட்சி! 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் அரசை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது பல தொழிற்சாலைகளைத் தொழிலாளர்களே கைப்பற்றி ஓட்டினார்கள். சரி, அது முடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுப்பதா? சிலவற்றைக் கொடுக்கலாம் என்று 1973 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் அமைச்சர் ஓர்லாந்தோ மில்லாஸ் திட்டம் கொண்டுவர, தலைநகர் சாந்தியாகோவின் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். மார்ச்சில் மாப்புவும் இரண்டாக உடைந்தது. (பலர் சேர்த்துச் சொல்லும் மிர் என்ற தீவிர இடதுசாரி இயக்கம் கூட்டணியிலேயே இல்லை, வெளியிலிருந்து குத்திக்கொண்டிருந்தது.)

இந்த உட்பூசல்தான் ஆட்சியைக் கவிழ்த்தது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1973 செப்டம்பர் 11 அன்று, ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, மோனேதா என்ற அதிபர் மாளிகை மேல் குண்டு போட்டது விமானப்படை.