கற்பனைப் பேரரசு தான் பிடித்த நாடுகளை எப்படி ஆள்வதாக எழுதினால் நம்பும்படி இருக்கும்?

தொடர்கதையில் உங்கள் பேரரசு ஏழெட்டு நாடுகளைப் பிடித்துவிட்டது, அதற்கப்புறம் கதை நகரவில்லை என்கிறீர்கள். ஊருக்கு ஊர் படையை நிறுத்தியிருப்பீர்கள். அத்தனை பேருக்கும் சோறு போடுவது யார் என்ற கேள்வி வந்திருக்கும். இதே வேலையைச் செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஓர் இணைய இதழில் வந்த என் நாவலுக்கு நான் மாதிரியாக எடுத்துக்கொண்டது ரோமை அல்ல, இன்கா பேரரசை. காசு கிடையாது, நாம் அறிந்த மாதிரி எழுத்து கிடையாது, சக்கர வண்டி கிடையாது. ஆனாலும் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை நெடுக, இன்றைய ஈக்குவடாரிலிருந்து சிலி வரை ஆண்டார்கள்.

பணிந்துபோன உள்ளூர்த் தலைவனை, அதாவது குராக்காவை, அதே பதவியில் விட்டுவைத்தார்கள். அவன் மகனைத் தலைநகர் குஸ்கோவுக்கு அழைத்துப்போய்த் தங்கள் மொழி, வழக்கம் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் பையன் பிணை. ஊர்ச்சாமியையும் குஸ்கோவில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். வரி என்பது உழைப்புதான்: அரசு நிலத்தில் உழவு, சாலை வேலை, படைச் சேவகம். விளைந்தது மலைச்சரிவுக் களஞ்சியங்களுக்குப் போகும், கணக்கு கிப்பு என்ற முடிச்சுக் கயிற்றில் ஏறும்.

முரண்டு பிடித்தவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்து வேறு சீமையில் குடியேற்றினார்கள். அங்கே போயும் சொந்த ஊர்த் தலையணியைத்தான் அணிய வேண்டும், மாற்றக் கூடாது. யார் எந்த ஊர் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். என் நாவலில் ஒரு கிழவி, புது ஊர்ச் சந்தையில் தன் தலைப்பட்டையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வாள். எதிரே உப்பு விற்பவன் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவான். அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

களஞ்சியக் கணக்கு அத்தியாயத்தை வெட்டச் சொன்னார் ஆசிரியர். வரிக் கணக்கை யார் படிப்பார்கள், இளவரசியின் காதலை நீட்டுங்கள் என்றார். நான் மறுத்தேன். கடைசியில் அதற்குத்தான் வாசகர் கடிதங்கள் அதிகம் வந்தன. கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மேலே தாசில்தாருக்கும் கீழே ஊருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் திண்டாட்டத்தை உங்கள் குராக்காவிடம் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். உங்கள் கதைக்கும் அப்படி ஒரு ஆள் தேவை. தளபதியைவிட அவனுக்குப் பக்கங்கள் கொடுங்கள்.

கொடுங்கோலனுக்கு வெள்ளையடிக்கிறாய் என்று இங்கேயும் யாராவது வருவார்கள். இல்லை. ஈக்குவடாரில் கரங்கி மக்களைக் கொன்று ஏரியில் போட்டதும் இதே இன்காக்கள்தான், அதையும் எழுதினேன். ஆனால் படுகொலையை மட்டும் எழுதினால், அந்த அரசு மறுநாள் காலையில் எப்படி நடந்தது என்று வாசகருக்குத் தெரியாது.

   

சரி, பேரரசு விழும் கட்டத்துக்கு ஒன்று. ஸ்பானியர் வந்ததும் இன்காக்களிடம் தோற்றிருந்த வாங்கா மக்கள் ஸ்பானியரோடு சேர்ந்துகொண்டார்கள். தானியம், ஆடை, சுமை தூக்க ஆட்கள் என்று அள்ளிக் கொடுத்தார்கள். கொடுத்ததையெல்லாம் கிப்புவில் முடிந்தும் வைத்தார்கள். 1561இல் லிமாவில் இருந்த ஸ்பானிய நீதிமன்றத்தில் அந்தக் கயிறுகளைக் காட்டி, கொடுத்ததற்குக் கைம்மாறு கேட்டார்கள். உங்கள் கதையில் பேரரசு போனபின் அந்தக் கயிறுகள் யார் கையில் இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், அடுத்த பாகத்துக்குக் கதை கிடைத்துவிடும்.