யேனாவில் ஆப்டிகல் டிசைன் வேலை: யார் தலைவர், யாரிடம் கேட்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஜெர்மனியின் யேனா நகரில் இருபது பேர் வேலை செய்யும் ஓர் ஆப்டிகல் டிசைன் (லென்ஸ் வடிவமைப்பு) நிறுவனம் உங்களை எடுத்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய அறிமுகக் கையேட்டில் நிர்வாக இயக்குநர்கள் இருவர், அறிவியல் தலைவர் ஒருவர், அடுத்து டாக்டர் பட்டத்தோடு ஆறு பேர். "நான் வெறும் எம்.எஸ்சி. யாருக்கு யார் மேல் என்றே தெரியவில்லை. இவர்களோடு எப்படிப் பேசுவது? இந்தக் குழுவை நம்பி வரலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினாறு வருடமாக இந்த ஊரில் லென்ஸ் டிசைன் செய்து வாழ்கிறேன். வரலாமா என்றால், தாராளமாக வாருங்கள். ஆனால் அந்தக் கையேட்டைப் படிக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வந்தபோது அதைத் தப்பாகப் படித்துத்தான் முதல் ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

அந்தப் பதவிப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு பொறுப்பைக் குறிக்கும். கெஷெஃப்ட்ஸ்ஃபூரர் (நிர்வாக இயக்குநர்) என்று போட்டிருந்தால் அவர் சட்டப்படி நிறுவனத்துக்காகக் கையெழுத்திடுபவர். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருப்பது பெரும்பாலும் அவர் கையெழுத்துதான். புரோகுரிஸ்ட் என்றால் அவருக்கு அடுத்தபடியாகக் கையெழுத்து அதிகாரம் பெற்றவர். இவர்கள் பெயரெல்லாம் வணிகப் பதிவேட்டில் இருக்கும். 2022 ஆகஸ்டிலிருந்து அந்தப் பதிவேட்டை யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். நிறுவனம் எந்த வருடம் பதிவானது, இயக்குநர்கள் எத்தனை முறை மாறினார்கள், மூலதனம் எவ்வளவு என்று பாருங்கள். ஜிஎம்பிஹெச், அதாவது நம் ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரியான நிறுவனத்துக்குக் குறைந்தது 25,000 யூரோ மூலதனம் வேண்டும், சிறிய நிறுவனங்களில் பலவற்றில் அந்த எண்தான் நிற்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று வருடத்தில் மூன்று இயக்குநர் மாறியிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

அறிவியல் தலைவர் என்று ஒரு பேராசிரியர் பெயர் இருந்தால், அவர் தினமும் அலுவலகத்துக்கு வருகிறாரா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். இந்த ஊரில் பல நிறுவனங்கள் பல்கலைக்கழகத்திலிருந்தோ, 1992-இல் தொடங்கிய ஃபிரான்ஹோஃபர் ஒளியியல் நிறுவனத்திலிருந்தோ பிரிந்து வந்தவை. அப்படித் தொடங்கியபோது இருந்த பேராசிரியர் பங்குதாரராகவோ ஆலோசகராகவோ இருப்பார், ஆனால் மாதத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டுவார். அதில் தப்பில்லை. உங்கள் டிசைனைத் தினமும் பார்த்துத் திருத்தப்போகிறவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, காப்புரிமை ஆவணங்கள். அவற்றில் கண்டுபிடித்தவர் பெயர் பொதுவாக இருக்கும். கையேட்டில் உள்ள பெயர்களை அங்கே தேடிப் பாருங்கள். கையேட்டில் ஏழாவதாக நிற்கும் ஒருவர் பெயர் காப்புரிமையில் திரும்பத் திரும்ப வந்தால், அவர் பக்கத்தில் உட்கார முடியுமா என்று பாருங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

யேனா வந்ததும் எல்லோரும் உங்களுக்கு மூன்று பெயர் சொல்வார்கள். 1846-இல் இங்கே பட்டறை திறந்த கார்ல் ஸைஸ். 1866-இலிருந்து அவரோடு சேர்ந்து வேலை செய்த பல்கலைக்கழக இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே. புதுக் கண்ணாடிகளை உருக்கித் தந்த வேதியியலாளர் ஓட்டோ ஷாட். அபே நினைவுக்கல்லில் அவருடைய சூத்திரத்தையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு நுண்ணோக்கி எவ்வளவு சின்னப் பொருளைப் பிரித்துக் காட்டும் என்பதை ஒளியின் அலைநீளமும் லென்ஸ் வாங்கும் ஒளிக்கூம்பின் அகலமும்தான் தீர்மானிக்கின்றன என்று 1873-இல் எழுதினார் மனிதர். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கல்லின் முன்னால் நிற்பது கோயில் வாசலில் நிற்பது மாதிரி. நான் இன்றும் அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நிற்பேன்.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. அபே வருவதற்கு முன்பு லென்ஸ்களைச் செய்து பார்த்து, மாற்றிப் பார்த்து, பொருந்தும்வரை தேய்ப்பார்கள். கணக்குப் போட்டுச் செய்யலாம் என்று ஸைஸ் அபேயைக் கூப்பிட்டார். அபேயும் போட்டார். பிழைகளைக் குறைக்க லென்ஸின் திறப்பைச் சுருக்கினார். கணக்கில் அழகாக இருந்தது, ஆனால் படம் பட்டறைக்காரர்கள் கைப்பழக்கத்தில் செய்ததைவிட மோசமாக வந்தது. ஏன் என்று தோண்டிப் போனதில்தான் அந்தச் சூத்திரத்துக்கான வழி திறந்தது. 1872-இல் ஸைஸின் நுண்ணோக்கிகள் எல்லாமே அபேயின் கணக்குப்படி வெளிவந்தன. சரி, அந்தக் கணக்கைக் கண்ணாடியாக மாற்றியது யார்? ஆகஸ்ட் லோபர். ஸைஸிடம் பயிற்சிக்குச் சேர்ந்து பட்டறைத் தலைவராக உயர்ந்தவர். தேய்த்த லென்ஸ் மேல் சோதனைக் கண்ணாடியை (வளைவு துல்லியமாகத் தெரிந்த மாதிரிக் கண்ணாடியை) வைத்து, வண்ண வளையங்களை எண்ணி, வளைவு சரியா என்று அளக்கும் முறையை அந்தப் பட்டறையில் நிலைநாட்டியவர். அந்த அளவு இல்லாமல் அபேயின் எண்கள் காகிதத்திலேயே இருந்திருக்கும்.

ஷாட் வந்ததும் இதே மாதிரிதான். அதுவரை கிடைத்த கண்ணாடிகளில் ஒளிவிலகல் (ஒளியை வளைக்கும் திறன்) கூடினால் நிறப்பிரிகையும் (நிறங்கள் பிரிந்து போவதும்) கூடவே ஏறும். அபேயிடம் கணக்கு இருந்தது, அதற்கேற்ற கண்ணாடி இல்லை. 1879-இல் ஷாட் தன்னுடைய லித்தியம் கண்ணாடியைச் சோதிக்கச் சொல்லி அபேக்கு எழுதினார். அந்தக் கண்ணாடி உதவவில்லை, ஆனால் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. 1884-இல் ஷாட், அபே, ஸைஸ், ஸைஸின் மகன் நால்வருமாகக் கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில், 1886-இல், நிறப்பிழை பெருமளவு நீங்கிய அப்போகுரோமாட் லென்ஸ்கள் விற்பனைக்கு வந்தன. நீங்கள் சாப்ட்வேரில் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும்போது நிறப்பிரிகை எவ்வளவு குறைவு என்று காட்டும் அபே எண் என்று ஒரு கட்டம் வருமே, பிகே7 என்ற கண்ணாடி வகைக்கு 64 என்று, அது இந்த நட்பிலிருந்து வந்தது.

அதனால் ஒரு ஆப்டிகல் நிறுவனத்தின் குழுவைப் பார்க்கும்போது நான் டாக்டர் பட்டங்களை எண்ணுவதில்லை. கணக்குப் போடுபவர், கண்ணாடியை அறிந்தவர், கையால் செய்பவர், மூவரும் ஒரே மேசையில் உட்காருகிறார்களா என்று பார்ப்பேன். உங்கள் நிறுவனத்தில் சொந்தப் பட்டறை இல்லை என்றால், வெளியே எந்தப் பட்டறையில் செய்கிறார்கள், டிசைன் செய்தவர் அங்கே போவாரா என்று கேளுங்கள். கையேட்டில் படம்கூட இல்லாத ஒரு மைஸ்டர் (பட்டறையின் தேர்ந்த தலைமைக் கைவினைஞர்) எங்கேயாவது இருப்பார். அவர்தான் உங்கள் லோபர்.

என் கதையைச் சொல்கிறேன். நான் முதலில் சேர்ந்த இடத்தில் (இப்போது அங்கே இல்லை) ஒரு மெல்லிய பிறை வடிவ லென்ஸ் டிசைன் செய்தேன். திரையில் எல்லா எண்ணும் ஜோராக இருந்தன. டாக்டர்கள் நடுவில் பட்டம் இல்லாத பெண் என்ற கூச்சம் எனக்கு, யாரிடமும் காட்டவில்லை. பார்க்க வேண்டிய மேலாளரும் பார்க்காமலே அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்துப் பட்டறையிலிருந்து அழைப்பு. மைஸ்டர் திட்டவில்லை. ஒரு லென்ஸைத் துணியில் எடுத்துத் தட்டில் வைத்தார், மேலே சோதனைக் கண்ணாடியை மெதுவாக இறக்கினார், பச்சை விளக்கைப் போட்டார். நான் குனிந்து பார்த்தேன். வட்டமாக வர வேண்டிய வளையங்கள் நசுங்கிப்போய் முட்டை வடிவத்தில் இருந்தன. "தொடாதே, காத்திரு" என்றார். கையின் சூடு கண்ணாடியில் இருக்கும்வரை வளையம் பொய் சொல்லும் என்றார். கால் மணி நேரம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சூடு ஆறியும் முட்டை வடிவம் போகவில்லை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஒரு வளையம் என்றால் அலைநீளத்தில் பாதி, 273 நானோமீட்டர். அந்த அளவில் என் லென்ஸ் முறுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு மெல்லியதைப் பிடிமானத்தில் ஒட்டித் தேய்த்து எடுத்தால், கழற்றியவுடன் வில் மாதிரி நிமிரும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் கூட்டியிருந்தால் போதும்.

அதோடு விடவில்லை அவர். ஒரு பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டினார். அந்தப் பட்டறையில் இருக்கும் சோதனைக் கண்ணாடிகளின் வளைவு ஆரங்கள், வரிசையாக. நான் கேட்ட ஆரத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே அவர்களிடம் ஒன்று தயாராக இருந்தது. அதற்கேற்ப என் டிசைனைத் திருப்பிக் கணக்கிட எனக்கு ஒரு மதியம் ஆகியிருக்கும். நான் கேட்காததால் புதிதாக ஒன்று செய்ய வாரக்கணக்கில் ஆனது. இந்தப் பட்டியலைச் சேர்ந்த முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். எந்தப் பாடப் புத்தகத்தைவிடவும் அது உங்களுக்கு உதவும்.

பட்டம் பற்றி உங்களுக்கு இருக்கும் கூச்சம் எனக்கு நன்றாகவே புரிகிறது. இங்கே டாக்டர் பட்டத்துக்கு மரியாதை உண்டு, அடையாள அட்டையிலேயே போட்டுக்கொள்ளலாம். முதல் கடிதத்தில் பட்டத்தோடு எழுதுங்கள், 'ஸீ' என்ற மரியாதைச் சொல்லால் கூப்பிடுங்கள். சிறிய நிறுவனங்களில் பெரும்பாலும் முதல் நாளே 'டூ' என்று சொல்லச் சொல்வார்கள். அதை நம் ஊர் "நீ, வா, போ" மாதிரி எடுத்து நெளிய வேண்டாம். அறிவியல் தலைவரிடம் போய் "இந்த எண் எப்படி வந்தது, எனக்குப் புரியவில்லை" என்று கேட்டால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். மூன்று வாரம் கேட்காமல் இருந்துவிட்டுத் தப்பாகச் செய்து கொண்டுபோனால்தான் முகம் சுளிப்பார்கள்.

ஐந்து மணிக்குத் தலைவர் எழுந்து போனால் நீங்களும் போகலாம். இந்த விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அபேயின் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. ஒரு நாளைக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் நின்று வேலை செய்த அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன பிள்ளைதான் அபே. ஸைஸ் இறந்த பிறகு, 1889-இல், நிறுவனத்தைத் தன் வீட்டுச் சொத்தாக்காமல் அறக்கட்டளை தொடங்கி, 1891-இல் அதன் பேருக்கு மாற்றினார். 1896-இன் விதிகளில் பிறப்பு, மதம், கட்சி எதையும் பார்த்து ஆளெடுக்கக் கூடாது என்று எழுதினார். 1900-இல் எட்டு மணி நேர வேலை வந்தது. எல்லா நிறுவனமும் அந்த மாதிரி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதை இங்கே யாரும் திறமையாக எண்ணுவதில்லை.

நடைமுறையில் மூன்று விஷயம். சோதனைக் காலம் அதிகபட்சம் ஆறு மாதம், அதில் இரு தரப்பும் இரண்டு வார அறிவிப்பில் விலகலாம். புளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதியில்) வருகிறீர்கள் என்றால் முதல் 12 மாதத்துக்குள் நிறுவனம் மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம், வேலையில் நீங்கள் எதையாவது கண்டுபிடித்தால் அதை எழுத்தில் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். பணியாளர் கண்டுபிடிப்புச் சட்டம் என்று 1957-இலிருந்து ஒன்று இருக்கிறது. நான்கு மாதத்துக்குள் நிறுவனம் அதை உங்களுக்கே விட்டுத் தராவிட்டால் உரிமை அவர்களுக்குப் போகும், பதிலுக்கு உங்களுக்கு ஈட்டுத்தொகை உண்டு. புதிதாக வந்தவன் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம்.

ஜெர்மன் அவசியமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். டிசைன் கூட்டங்கள் ஆங்கிலத்திலேயே நடக்கும், அங்கே சமாளித்துவிடலாம். பட்டறையில் நடக்காது. வருவதற்கு முன்பே சில சொற்களைக் காதுக்குப் பழக்குங்கள். கண்ணாடிக்குள் ஓடும் இழைக்கு ஷ்லீரே. விளிம்பில் சீவிவிடும் சாய்வுக்கு ஃபாஸே. அந்த வளையக் கணக்குக்கு பாஸே. கடைசி இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். நான் ஒருமுறை ஃபாஸே பெரிதாக இருக்கிறது என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு பாஸே என்று சொல்லி, மைஸ்டர் முப்பது லென்ஸையும் மறுபடி விளக்கின் கீழ் வைத்து வளையம் எண்ணினார்.