அந்த எண் எங்கிருந்து வந்தது? – பாதுகாப்புத் துறை கேள்வி-பதில்

கேள்வி: தொலைக்காட்சி விவாதத்தில் ஓய்வுபெற்ற தளபதி, பல்கலைக்கழகப் பேராசிரியர், பத்திரிகையாளர் என எல்லோருக்கும் ‘பாதுகாப்பு நிபுணர்’ என்றே பெயர் போடுகிறார்கள். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

பதில்: ஆளை விட்டுவிட்டு, கேட்கப்பட்ட கேள்வியைப் பாருங்கள். ஒரு படைப்பிரிவு ஆற்றைக் கடக்க என்னென்ன வேண்டும், பீரங்கிக் குண்டு இருப்பு எவ்வளவு வேகத்தில் கரையும் என்பதெல்லாம் தளபதிக்குத் தெரியும். பொருளாதாரத் தடை எதிராளியைப் பணியவைக்குமா, எந்த மாதிரிப் போர்நிறுத்தம் நிலைக்கும் என்பதைப் பழைய நிகழ்வுகளை வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தவரிடம்தான் கேட்க வேண்டும். அமைச்சகத்தில் இப்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லப் பத்திரிகையாளர் இருக்கிறார். அடுத்தவர் வரப்புக்குள் கால் வைக்கும்போதுதான் மூவரும் சறுக்குகிறார்கள். குரலில் உறுதி மட்டும் குறைவதில்லை.

பேராசிரியர்களிலும் உட்பிரிவு உண்டு. அணு ஆயுதக் கட்டுப்பாட்டில் ஊறியவர் கடற்கொள்ளை பற்றிப் பேசும்போது அவரும் நம்மைப் போல ஒரு வாசகர்தான். அவர் கடைசியாக வெளியிட்ட நான்கைந்து கட்டுரைகளின் தலைப்புகளைத் தேடிப் பாருங்கள். பேசும் விஷயம் அதில் இல்லையென்றால் அது கருத்து, ஆய்வு அல்ல.

கேள்வி: ரகசியக் கோப்புகளைப் பார்க்க அனுமதி இல்லாத கல்வியாளர்களுக்கு ஆயுத எண்ணிக்கை எப்படித் தெரிகிறது? குத்துமதிப்புதானே?

பதில்: மதிப்பீடுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை. ஒப்பந்தப் புள்ளி அறிவிப்பு, நாடாளுமன்றக் குழு அறிக்கை, ராணுவ இதழ், வேலைவாய்ப்பு விளம்பரம், கப்பல்கள் வெளியிடும் அடையாள சமிக்ஞை, வணிகச் செயற்கைக்கோள் படம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2021இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். சீனாவின் கான்சு மாகாணத்தில் யூமென் அருகே, பாலைவனத்தில் சுமார் 120 கட்டுமான இடங்கள் இருப்பதை அமெரிக்காவின் மிடில்பரி கல்வி நிறுவன ஆய்வாளர்கள் வணிகச் செயற்கைக்கோள் படங்களில் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பு, சின்ஜியாங்கின் ஹாமி அருகே இதேபோன்ற இன்னொரு களத்தை அடையாளம் காட்டியது. இவை ஏவுகணைகளை வைக்கும் நிலத்தடிக் குழிகள் என்று எப்படிச் சொன்னார்கள்? ஓர் இடத்துக்கும் இன்னொன்றுக்கும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் இடைவெளி. ஒரே தாக்குதலில் இரண்டு அழியாதபடி கட்டம் போட்ட அமைப்பு. தோண்டும் இடத்தை மறைக்கக் குவிமாடக் கூடாரம். இதே கூடாரங்கள் ஜிலன்டாய் என்ற ஏவுகணைப் பயிற்சித் தளத்தில் ஏற்கெனவே காணப்பட்டவை. ‘அது காற்றாலைப் பண்ணை’ என்று அப்போது ஒரு மறுப்பும் கிளம்பியது. காற்றாலைக்கு அடித்தளம் போடுகிறவர்கள் அதைக் கூடாரம் போட்டு மூடுவதில்லை.

தவறு நேர்வது இதற்கு அடுத்த படியில். குழி என்றால் ஏவுகணை என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். 1979இல் அமெரிக்காவே எம்எக்ஸ் என்ற அணு ஏவுகணைகள் 200ஐ 4,600 மறைவிடங்களுக்குள் மாற்றி மாற்றி வைக்கத் திட்டமிட்டது. திட்டம் கைவிடப்பட்டது, ஆனால் உத்தி எல்லோருக்கும் தெரியும். எனவே நல்ல ஆய்வாளர் குழி எண்ணிக்கை, ஏவுகணை எண்ணிக்கை, அணுகுண்டு எண்ணிக்கை மூன்றையும் தனித்தனியாகத்தான் எழுதுவார்.

நீங்களே ஒரு படத்தைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் எடுத்த தேதியைப் பாருங்கள். பகிரப்பட்ட நாள் வேறு, எடுத்த நாள் வேறு. அதே இடத்தின் பழைய படம் பக்கத்தில் இல்லையென்றால் ‘புதிதாக வந்தது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அளவுகோல் இல்லாத படத்தில் லாரிகூட ஏவுகணை வண்டியாகிவிடும்.

கேள்வி: ஒரே நாட்டின் ராணுவச் செலவுக்கு மூன்று இடங்களில் மூன்று தொகை பார்த்தேன். எது சரி?

பதில்: மூன்றும் சரியாக இருக்கலாம். அரசின் பட்ஜெட்டில் ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பின் கீழ் வருவது ஒரு கணக்கு. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனம் படைவீரர் ஓய்வூதியம், ராணுவ ஆராய்ச்சி, போர்ப் பயிற்சி பெற்ற துணை ராணுவம் ஆகியவற்றையும் சேர்க்கும். குடிமைப் பாதுகாப்புச் செலவைச் சேர்க்காது. அதனால்தான் சீனாவுக்கு சிப்ரி தரும் மதிப்பீடு அந்நாட்டின் அதிகாரபூர்வத் தொகையைவிட எப்போதும் கூடுதலாக இருக்கிறது. லண்டனின் ஐஐஎஸ்எஸ் ஆய்வு நிறுவனம், நேட்டோ ராணுவக் கூட்டணி ஆகியவற்றுக்குத் தனித்தனி வரையறைகள்.

அடுத்த சிக்கல் டாலராக மாற்றுவது. சந்தை மாற்று விகிதத்தில் பார்த்தால், வீரருக்குக் குறைந்த சம்பளம் தரும் நாட்டின் படை உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். வாங்கும் திறனை, அதாவது அந்நாட்டில் அந்தப் பணத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை வைத்து மாற்றினால் இறக்குமதி செய்யும் போர் விமானத்தின் சுமை மறைந்துவிடும். ஆள்செலவு மிகுந்த படைக்கு இரண்டையும் பார்க்க வேண்டும்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்ற கணக்கில் இன்னும் கவனம் தேவை. சிப்ரி கணக்கில் உலக அளவில் அது 2019இல் 2.2 சதவீதம், 2020இல் 2.4 சதவீதம். செலவு கொஞ்சம் கூடியது உண்மைதான். ஆனால் விகிதம் அப்படி ஏறியதற்கு முக்கியக் காரணம் கொரோனாவில் உற்பத்தி சுருங்கியது. வகுக்கும் எண்ணைப் பார்க்காமல் ‘ஆயுதப் போட்டி சூடுபிடித்தது’ என்று தலைப்புப் போட்டால் பாதிக் கதைதான் வரும்.

எந்தத் தொகையைப் படித்தாலும் யார் வரையறை, எந்த ஆண்டு விலை, எந்த மாற்று விகிதம் என்று மூன்றையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாட்டுக்கு ஓர் இடத்துக் கணக்கு, இன்னொரு நாட்டுக்கு வேறிடத்துக் கணக்கு என்று ஒருபோதும் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: ஆயுத இறக்குமதி பட்டியலில் வரும் எண்கள் கோடி டாலரா?

பதில்: சிப்ரி பட்டியல் என்றால் இல்லை. அது ஆயுதத்தின் திறனுக்குத் தரப்படும் ஒரு மதிப்பு. கைமாறிய பணம் அல்ல. இலவசமாகக் கொடுத்த போர்க்கப்பலுக்கும் அதில் மதிப்பு உண்டு. ஒரே ஆண்டில் இரண்டு நீர்மூழ்கிகள் வந்தால் எண் எகிறும் என்பதால் ஐந்தாண்டுத் தொகுப்பாக ஒப்பிடுவதே முறை.

கேள்வி: ‘போர் மூளும் வாய்ப்பு இருக்கிறது’ என்று நிபுணர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். எத்தனை தடவை பலித்திருக்கிறது?

பதில்: பலித்ததா என்று சோதிக்கவே முடியாதபடிதான் அந்த வாக்கியம் இருக்கிறது. 1951இல் யூகோஸ்லாவியா மீது சோவியத் தரப்புத் தாக்குதல் நடப்பதை ‘கணிசமான சாத்தியம்’ என்று அமெரிக்க உளவு மதிப்பீடு எழுதியது. அதைத் தயாரித்த குழுவில் ஷெர்மன் கென்ட் முக்கியமானவர். யேல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அவர் மனத்தில் இருந்தது 65 சதவீதம். கையெழுத்திட்ட சகாக்களைக் கேட்டால், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார். ஒரே சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்! அதன் பிறகு கென்ட் ‘அநேகமாக’ என்றால் சுமார் 75, ‘ஏறத்தாழ நிச்சயம்’ என்றால் சுமார் 93 என்று ஒரு அட்டவணையே போட்டார்.

பிலிப் டெட்லாக் என்ற உளவியல் அறிஞர் 284 நிபுணர்களின் கணிப்புகளைச் சுமார் இருபது ஆண்டுகள் சேகரித்து 2005இல் முடிவை வெளியிட்டார். சராசரி நிபுணர், ‘இப்போது இருப்பதே தொடரும்’ என்ற எளிய விதியைக்கூடத் தாண்டுவதற்குத் திணறினார். ஊடகத்தில் புகழ்பெற்றவர்கள் மற்றவர்களைவிட மோசம். ஒரே பெரிய கோட்பாட்டால் உலகை விளக்குபவரைவிட, பல திசைகளில் யோசித்து அடிக்கடி கணிப்பைத் திருத்துபவர் தேறினார்.

உங்களுக்குப் பிடித்த ஆய்வாளருக்கு மதிப்பெண் போடலாம். கணிப்பில் காலக்கெடுவும் சதவீதமும் இருக்க வேண்டும். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. கணிப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வித்தியாசத்தாலேயே பெருக்குங்கள். 80 சதவீதம் (அதாவது 0.8) என்றார், நடந்தது: 0.04. நடக்கவில்லை: 0.64. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று தப்பித்துக்கொள்பவருக்கு எப்போதும் 0.25. சராசரி 0.25ஐத் தாண்டினால் நாணயம் சுண்டிப் பார்ப்பதே மேல். ஒன்றிரண்டு கணிப்பை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். இருபது முப்பதாவது வேண்டும்.

கேள்வி: ‘கணினியில் போர் நடத்திப் பார்த்தோம், இந்த நாடு தோற்றது’ என்ற செய்திகளுக்கு மதிப்பு உண்டா?

பதில்: விதிகளைப் படிக்காமல் மதிப்பில்லை. பெரும்பாலும் அவை மேசையைச் சுற்றி மனிதர்கள் அமர்ந்து ஆடும் போர் விளையாட்டுகள். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2014-15இல் ஆடிப் பார்த்ததில், ரஷ்யப் படை எஸ்தோனிய, லாத்விய தலைநகரங்களின் எல்லையை எட்ட 60 மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. அதை ஆரூடமாக வாசித்தவர்கள் ஏராளம். அப்போதைய நேட்டோ படை எங்கே நிறுத்தப்பட்டிருந்தது என்பதுதான் அந்த முடிவைத் தீர்மானித்தது. படை நிற்கும் இடத்தை மாற்றினால் முடிவும் மாறும். விளையாட்டின் பயனே அதுதான். வாஷிங்டனின் சிஎஸ்ஐஎஸ் ஆய்வு நிறுவனம், சீனா தைவானைத் தாக்கினால் என்ன ஆகும் என்ற விளையாட்டை 24 முறை, அனுமானங்களை மாற்றி மாற்றி ஆடி 2023இல் வெளியிட்டது. எந்த அனுமானத்தைத் தொட்டால் முடிவு கவிழ்கிறது என்று அதில் தெரிந்தது. ஜப்பானில் உள்ள தளங்களை அமெரிக்கா பயன்படுத்த முடியுமா என்பது அப்படி ஒன்று. ஒரே முறை ஆடிவிட்டு வெளியிடும் செய்தியைத் தள்ளிவிடலாம்.

கேள்வி: ஆயுத நிறுவனத்திடம் நிதி வாங்கும் ஆய்வு மையத்தின் அறிக்கையைக் குப்பையில் போடலாமா?

பதில்: வேண்டாம், ஆனால் படிக்கும் வரிசையை மாற்றுங்கள். நிதி தந்தவர் பட்டியலை முதலில் பாருங்கள்; அரசுப் பணமும் அதில் சேர்த்தி. பிறகு பரிந்துரைப் பகுதிக்குப் போங்கள். எந்தத் தளவாடத்தை வாங்கச் சொல்கிறார்கள், அதைச் செய்பவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா? இருந்தால், வேறு நிதியில் இயங்கும் இன்னொருவர் அதே தளவாடத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்று தேடுங்கள். பெரும்பாலும் அந்த நிதி, அறிக்கையின் எண்களைத் திரிப்பதில்லை; எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது என்பதில்தான் அதன் கை தெரியும். பட்டியலே வெளியிடாத மையமா? அதன் எண்களை வேறிடத்தில் உறுதிசெய்யாமல் எடுத்தாளாதீர்கள்.