மலைப்பாதைக்கு இடப்படும் நிறம்

வாசகர் கேள்வி – பதில்

பாடசாலை விடுமுறையை ஒட்டிச் சைக்கிளுடன் மலையகத்துக்குப் புறப்பட எண்ணும் கொழும்பு வாசகர்களின் கடிதங்கள் இம்முறை அதிகம் வந்துள்ளன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் மலைச் சைக்கிள் பாதைகளின் கடினத்தைத் தரப்படுத்துவது பற்றியே அமைகிறது.

கேள்வி: வார இறுதிகளில் காலிமுகத்திடலிலிருந்து கல்கிசை வரை கியர் உள்ள மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். அடுத்த மாதம் நண்பர்களோடு பண்டாரவளைப் பக்கம் போகவிருக்கிறோம். கைபேசிச் செயலியில் ஒரு பாதைக்குப் பச்சை வட்டமும் இன்னொன்றுக்கு நீலச் சதுரமும் இடப்பட்டுள்ளன. இந்த நிறங்களை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? நான் நீலத்தில் இறங்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இந்த அடையாளங்கள் வட அமெரிக்காவின் பனிச்சறுக்கு மைதானங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. 1988 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, இம்பா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் அவற்றைச் சைக்கிள் பாதைகளுக்கு ஏற்றவாறு ஐந்து படிகளாக வகுத்தது. வெள்ளை வட்டம் மிக எளிது, பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்புச் சாய்சதுரம் கடினம், இரட்டைக் கறுப்புச் சாய்சதுரம் மிகக் கடினம் என்பது அந்த வரிசை.

நிறத்தைத் தீர்மானிப்பவை பாதையின் அகலம், தரையின் உறுதி, சராசரிச் சரிவு, உச்சச் சரிவு, வழியில் உள்ள தடைகள் ஆகியவை. பச்சைப் பாதை குறைந்தது 36 அங்குல அகலமும் உறுதியான தரையும் கொண்டிருக்க வேண்டும். அதன் சராசரிச் சரிவு 5 சதவீதத்தையும் உச்சச் சரிவு 15 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. விலகிச் செல்ல முடியாத தடை எதுவும் 2 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கக்கூடாது. நீலத்தில் அகலம் 24 அங்குலமாகக் குறையலாம், தரை இடையிடையே இளகலாம், சராசரிச் சரிவு 10 சதவீதம் வரை போகலாம், உச்சச் சரிவு 15 சதவீதத்தைக் கடக்கலாம், தவிர்க்க முடியாத தடை 8 அங்குலம் வரை இருக்கலாம். கறுப்பில் அகலம் 12 அங்குலம், சராசரிச் சரிவு 15 சதவீதம், தடையின் உயரம் 15 அங்குலம் என்று எல்லை தளர்ந்துகொண்டே போகிறது.

பச்சையில் 2 அங்குலம், நீலத்தில் 8 அங்குலம் என்ற இந்த வேறுபாட்டை வாசகர் கவனிக்க வேண்டும். 2 அங்குலக் கல்லின்மீது சக்கரம் தானாகவே ஏறிவிடும். ஆனால் 8 அங்குல வேரில் முன்சக்கரத்தைத் தூக்கிவைக்கத் தெரியாதவர் முட்டி நிற்பார், இறக்கமாக இருந்தால் தலைகுப்புற விழவும் கூடும். ஒரு படிதான் வித்தியாசம் என்று செயலியில் தோன்றினாலும், புதியவருக்கு இந்த ஐந்து படிகளுள் மிகப் பெரிய தாவல் இதுவே என்பது என் கருத்து. தவிர்க்கக்கூடிய தடைகளுக்கு இந்த எல்லை பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம். பச்சைப் பாதையின் ஓரத்தில் பெரிய பாறை ஒன்று கிடந்தாலும், அதைச் சுற்றிப்போக வழி இருக்கும்வரை பாதையின் நிறம் மாறாது.

எல்லா நாட்டினரும் ஒரே வரிசையைப் பின்பற்றுவதுமில்லை. பிரித்தானியாவின் காட்டுப் பாதைகளில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று குறிப்பதால், அங்கு நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே இன்னொரு படி இருக்கிறது. ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் நிறத்துக்குப் பதிலாக மிக எளிதான எஸ்0 முதல் மிகக் கடினமான எஸ்5 வரை எண்ணிடும் அளவுகோல் ஒன்று வழக்கிலுள்ளது. அது உலர்ந்த தரையை அடிப்படையாகக் கொண்டது. மழை பெய்த மறுநாள் எஸ்1 என்ற எண்ணை நம்பி இறங்குபவர் அந்த எண் சொல்லாத ஒரு பாதையில்தான் இறங்குகிறார்.

இனி உங்கள் செயலிக்கு வருவோம். டிரெயில்ஃபோர்க்ஸ் போன்ற செயலிகளில் பயனர்களே பாதைகளைச் சேர்த்துத் தரத்தையும் குறிக்க முடியும் என்பதால், நீங்கள் காணும் நிறம் யாரோ ஒருவரின் கணிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் பல ஆண்டுகள் பழகியவரானால், உங்களுக்கு நடுக்கம் தரும் இறக்கம் அவருக்கு எளிதாகவே பட்டிருக்கும். அந்தப் பாதையின் படங்களையும், கருத்துகள் எழுதப்பட்ட மாதத்தையும் பார்த்த பின்னரே நிறத்தைப் பாருங்கள். நீலத்துக்குப் போகலாமா என்பதை இவ்வாறு சோதிக்கலாம்: பச்சைப் பாதையின் இறக்கத்தில், முன்கூட்டியே ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, சக்கரம் வழுக்காமல் அங்கே நிறுத்த முடிய வேண்டும். அது ஒவ்வொரு முறையும் கைகூடும்வரை நீலம் காத்திருக்கட்டும்.

கேள்வி: கனடாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பச்சை அடையாளமிட்ட பாதையில் ஓடிய என் மகன் பாதிவழியில் களைத்து உட்கார்ந்துவிட்டான். கொழும்பில் பாணந்துறை வரை ஓட்டிப் பழகியவன் அவன். எளிது என்று எழுதிவைத்து ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, தெஹிவளை

பதில்: ஏமாற்று இல்லை, அம்மா. நிறம் குறிப்பது சைக்கிளைக் கையாளும் நுட்பத்தின் கடினத்தை மட்டுமே. மூச்சும் காலும் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. அதனால்தான் நல்ல அறிவிப்புப் பலகைகளில் நிறத்தோடு பாதையின் நீளமும் ஏற்றத்தின் மொத்த உயரமும் தனியே எழுதப்பட்டிருக்கும். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட தார் வீதியில் சக்கரத்தைத் தடுக்கும் வேரோ பாறையோ கிடையாது. ஆனால் அந்த ஏற்றத்தை எளிது என்று சைக்கிளில் ஏறிய எவரும் சொல்லமாட்டார். பாணந்துறை வரையான வீதி முழுவதும் கடலோரச் சமதரை. அதில் ஓடிச் சேர்த்த கிலோமீற்றர் கணக்கைக் காட்டுப் பாதைக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

கேள்வி: மலையகத்தில் நாங்கள் போக நினைப்பவை அடையாளமே இல்லாத தோட்டப் பாதைகள். அவற்றின் தரத்தை நாமே கணிக்க வழி உண்டா?
– நண்பர் குழு, கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு, முதன்முறை அந்தப் பாதையை நடந்தே பார்ப்பது அதற்குச் சிறந்த வழி. முழுப் பாதையையும் நடக்க நேரமில்லாதவர்கள் இறக்கங்களையாவது நடந்து பார்க்க வேண்டும். ஒரு பாதையின் தரத்தை அதன் சராசரியைக் கொண்டு மட்டும் முடிவுசெய்தால் புதியவர் அகப்பட்டுக்கொள்வார். நான்கு கிலோமீற்றர் சாந்தமாகப் போகும் பாதையில், ஒரு வளைவையடுத்துப் பத்து மீற்றர் நீளத்துக்குப் படிக்கட்டுப்போல் பாறை இறங்கினால், இறங்கி நடக்கத் தயாராக இல்லாதவருக்கு அந்தப் பத்து மீற்றரின் தரமே முழுப் பாதையின் தரம்.

சரிவை அளக்கக் கொத்தனாரின் ரசமட்டமும் ஒரு மீற்றர் நீளப் பலகையும் போதும். பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, ரசமட்டம் சமனைக் காட்டும்வரை மறுமுனையை உயர்த்திப் பிடியுங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடைவெளி 15 சென்ரிமீற்றர் என்றால் சரிவு 15 சதவீதம். கைபேசியில் உள்ள ரசமட்டச் செயலி பாகையில் காட்டும் என்பதால், சதவீதத்தையும் பாகையையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. 15 சதவீதச் சரிவு வெறும் எட்டரைப் பாகைதான். 45 பாகைதான் 100 சதவீதம். செய்மதியை வைத்துக் கைபேசி காட்டும் உயரம் குறுகிய தூரங்களில் பிழைபடும், அதை நம்ப வேண்டாம்.

தரையைப் பொறுத்தவரை தோட்டப் பாதைகளுக்கென்றே சில குணங்கள் உண்டு. கிறவல் பாதை காய்ந்திருக்கும்போது உறுதியாக இருந்தாலும், வளைவுகளில் உதிரிக் கற்கள் உருளும். கருங்கல் பதித்த பழைய பாதைகள் அகலத்திலும் சரிவிலும் பச்சைக்குள் அடங்கக்கூடும்; ஆனால் பாசி படிந்து நனைந்துவிட்டால், அவற்றின்மீது பிறேக் பிடிப்பதைவிடப் பிடிக்காமல் நேராக உருளவிடுவதே சில இடங்களில் பாதுகாப்பு. அந்தத் துணிவு புதியவருக்கு வராது, வரவும் தேவையில்லை. தேயிலைச் செடிகளுக்கு இடையே ஓடும் வடிகான்கள் பாதையைக் குறுக்கே வெட்டும் இடங்களை மேலிருந்து பார்த்தால் தெரியாது. சரியாக ஒரு சக்கரம் புதையும் அகலமுள்ள கான் ஒன்று, எட்டு அங்குலத் தடையைவிட மோசமானது. ஆகவே, அகலம், சரிவு, தடை எல்லாவற்றையும் அளந்து ஒரு நிறத்துக்கு வந்த பின், மழைக்காலமானால் இன்னொரு படி கூட்டிக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைக்கும்போது பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதிகள் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவமழையில் நிலைமை தலைகீழாகும்.

கண்டியின் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பெக்கோ தடத்தைப் பற்றியும் உங்கள் குழுவினர் கேட்டிருக்கிறீர்கள். 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட அந்தத் தடம் முதன்மையாக நடப்பவர்களுக்கானது. நடப்பவருக்கு எளிதென்று சொல்லப்படும் பகுதியில் இருபது படிக்கட்டுகள் இருந்தால் அவருக்கு அது ஒரு நிமிட வேலை. சைக்கிளுக்கோ அது கறுப்பு. நடைப்பயணிகள் எழுதிய குறிப்புகளை வைத்துச் சைக்கிளின் தரத்தைக் கணிக்க வேண்டாம்.

தோட்டத்துக்குள் நுழையுமுன் நிர்வாகத்திடம் அனுமதி பெறுவது கட்டாயம். கொழுந்துச் சாக்குடன், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வருபவர்கள் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி ஒதுங்கி நில்லுங்கள். உங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கும் அந்த ஒற்றையடிப் பாதை அவர்கள் வேலைக்குப் போகும் வழி. லயன்களை அடுத்த இறக்கங்களில் பிள்ளைகள் குறுக்கே ஓடிவரக்கூடும் என்பதால், அங்கே பாதை எவ்வளவு எளிதாக இருந்தாலும் நடக்கும் வேகமே போதும்.

கேள்வி: என் சைக்கிளின் விலை குறைவு. முன்பக்கம் ஷொக் அப்சோபரும் தடித்த ரயரும் இருக்கின்றன. நீலத்துக்குத் தாங்குமா?
– வாசகர், கிருலப்பனை

பதில்: தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது; வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். பல உற்பத்தியாளர்கள் தங்கள் வண்டி எந்தப் பயன்பாட்டுக்கானது என்பதை 1 முதல் 5 வரையான எண்ணால் குறிக்கிறார்கள். 1 தார் வீதிக்கு மட்டும் உரியது. 2 கிறவல் பாதைக்கும் 15 சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறு இறக்கங்களுக்கும் உரியது. 3 கரடுமுரடான காட்டுப் பாதைக்கும் 61 சென்ரிமீற்றர் வரையான இறக்கத்துக்கும் உரியது. 2 என்று எழுதியிருந்தால் பச்சையோடு நில்லுங்கள். கையேடே இல்லாத வண்டியையும் 2 ஆகவே கருதுவது நல்லது. சக்கர விளிம்பைக் கவ்வும் ரப்பர் பிறேக் நனைந்தால் பிடிப்புக் குறையும் என்பதால், மழையில் அத்தகைய வண்டிக்குப் பச்சைப் பாதையின் இறக்கமே அதிகம். ரயரை வீதிக்கு நிரப்பும் அழுத்தத்தில் கல்லாக வைத்துக்கொண்டு மலையேறவும் வேண்டாம். ரயரின் பக்கவாட்டில் அச்சிட்ட கீழெல்லைக்குக் குறையாமல் சற்றுக் காற்றை இறக்கினால் பிடிப்புக் கூடும்.

கேள்வி: சமதரையான கொழும்பில் இதற்கெல்லாம் பயிற்சி பெற முடியுமா?
– மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: ஏற்றத்துக்கு முடியாது, மற்றவற்றுக்கு நன்றாகவே முடியும். ஆட்கள் இல்லாத வாகனத் தரிப்பிடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் 24 அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, நடப்பவரைவிட மெதுவாக அவற்றினூடே ஓடிப்பாருங்கள். வேகமாகப் போகும்போது கோடு தாண்டாதவர்களும் மெதுவாகப் போனால் தாண்டிவிடுவார்கள், நீலப் பாதையின் குறுகலோ மெதுவாகப் போகும்போதுதான் சோதிக்கும். அடுத்ததாக, இரண்டு பெடல்களையும் சமமட்டத்தில் நிறுத்தி, இருக்கையிலிருந்து எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் மடித்தபடி உருளப் பழகுங்கள். பின்னர் 2 அங்குலத் தடிப்புள்ள பலகை ஒன்றைக் கிடத்தி அதன்மேல் ஏறி இறங்குங்கள். அது சலித்த பின் முன்சக்கரத்தைத் தூக்கிவைக்கப் பழகலாம். முன், பின் பிறேக் இரண்டையும் சேர்த்து ஓரிரு விரலால் மெல்ல அழுத்தி நிறுத்தும் பழக்கம் கொழும்பிலேயே கைக்கு வந்துவிட வேண்டும். கடற்கரை மணலில் பழக வேண்டாம், உப்பு சங்கிலியைத் தின்றுவிடும்.

கேள்வி: பாதிவழியில் நம் தரத்துக்கு மீறிய பாதை என்று தெரிந்தால் என்ன செய்வது?
– வாசகர், வத்தளை

பதில்: இறங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடவுங்கள். விபத்து நேர்ந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும். ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறோம் என்று மட்டும் சொன்னால் எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதால், தோட்டத்தின் பெயரையும், பிரிவின் பெயரையும், அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையின் பெயரையும் புறப்படும்போதே ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.