கமுடேஷன் முதல் ஸ்பர்ஷ் வரை: முன்னாள் படைவீரர் கேள்வி-பதில்

கடிதம் எழுதுபவர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். "எனக்கு எவ்வளவு வரும், எதில் போடலாம்?" என்று ஒற்றை வரியில் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். ரேங்க், பிறந்த தேதி, சர்வீஸ் எத்தனை ஆண்டு, கடைசி அடிப்படைச் சம்பளம் என நான்கு விவரமும் வேண்டும். இவை இல்லாமல் வந்தவற்றை இந்த முறையும் ஒதுக்கிவிட்டேன்.

ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வயது 42. கிராஜுவிட்டி, பி.எஃப்., கமுடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் தொகை) எல்லாம் சேர்த்து 32 லட்சம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போடலாம் என்கிறார் நண்பர். (வேலூர்)

நண்பர் பாதிதான் படித்திருக்கிறார். படைவீரருக்கு அந்தத் திட்டத்தில் வயதுச் சலுகை உண்டு, ஆனால் 50 ஆகியிருக்க வேண்டும். பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. 42 வயதில் கதவு திறக்காது.

உங்கள் கணக்கு இப்படி இருக்கலாம். மனைவியோடு கூட்டாக அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 15 லட்சம். 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250 ரூபாய் வரும். ஓராண்டு முடியும் வரை அசலை எடுக்க முடியாது; அதற்குப் பிறகும் மூன்றாண்டுக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஆகவே அவசரத்துக்கு 3 லட்சத்தைத் தனியாகச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். அடுத்த 10 லட்சத்தை நான்காகப் பிரித்து 1, 2, 3, 5 ஆண்டு எஃப்.டி.களாகப் போடுங்கள். ஒரே ரசீதாகப் போட்டால் மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக முழுவதையும் உடைக்க வேண்டி வரும். மீதி 4 லட்சம், ஆண்டுக்கு 1.5 லட்சம் என்ற வரம்புக்குள் பி.பி.எஃப்.புக்கு. ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் கட்டினால் அந்த மாத வட்டியும் சேரும்.

கூட்டுறவு வங்கியில் அரை சதவீதம் கூடக் கிடைக்கிறது என்று அலையாதீர்கள். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான், அதுவும் வட்டியோடு சேர்த்து.

"அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டதே, அவர் பெயரில் போட்டால் என்ன?" என்று அடுத்த கடிதம் வரும். போடலாம். போட்ட நிமிடத்திலிருந்து அது அம்மாவின் பணம். நாமினியாக உங்கள் பெயர் இருந்தாலும் அண்ணன் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு.

ஏ.எஃப்.பி.பி. ஃபண்டை (படைவீரர் வருங்கால வைப்பு நிதியை) அப்படியே விட்டுவைத்தால் வட்டி ஏறிக்கொண்டே இருக்குமா? (தேனி)

ஏறாது. டிஸ்சார்ஜோடு கணக்கு முடிந்தது.

பென்ஷனில் பாதியை கமுடேஷன் செய்தது நஷ்டம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா? (நாயப் சுபேதார், திருநெல்வேலி)

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம். அடிப்படைப் பென்ஷன் 24,000 என்றால் பாதி 12,000. 40 வயதையொட்டி கமுடேஷனுக்குப் பெருக்கும் காரணி சுமார் 9. 12,000-ஐ 12-ஆலும் 9-ஆலும் பெருக்கினால் 13 லட்சம் ஒட்டி வரும். அதற்காகப் பென்ஷனில் மாதம் 12,000 வீதம் பதினைந்து ஆண்டில் பிடிப்பது 21.6 லட்சம். இந்த இரண்டு எண்ணை மட்டும் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். உள்ளே ஓடும் வட்டி ஏழரை சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. தனிநபர் கடன் இந்த விலைக்குக் கிடைக்குமா?

யூடியூபில் சொல்லாதது மூன்று. வந்த மொத்தத்துக்கு வரி கிடையாது. அகவிலை நிவாரணம் முழு 24,000-க்கும் வரும், மீதி 12,000-க்கு மட்டும் அல்ல. நீங்கள் இறந்துவிட்டால் பிடித்தம் அத்தோடு நின்றுவிடும். குடும்பப் பென்ஷனில் ஒரு ரூபாய் குறையாது.

வீட்டுக் கடனையோ நகைக் கடனையோ அடைக்கப் போகிறீர்கள் என்றால் லாபம். சும்மா சேமிப்புக் கணக்கில் கிடக்கப் போகிறதென்றால் எடுத்திருக்கவே வேண்டாம். எடுத்தவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பணம் தாமதமாக வந்தவர்களுக்கு 15 ஆண்டுக் கணக்கு ஓய்வு நாளிலிருந்து ஓடாது, பணம் தரப்பட்ட நாளிலிருந்துதான். அந்த மாதத்தை டிஸ்சார்ஜ் புக்கின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.

ஜீவன் பிரமாண் (டிஜிட்டல் உயிர்வாழ் சான்று) போட்டேன், ஐ.டி.யும் வந்தது. ஆனாலும் பென்ஷன் நின்றுவிட்டது. (தூத்துக்குடி)

'பென்ஷன் வழங்குபவர்' என்ற இடத்தில் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஸ்பர்ஷ் என்பது பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளம். அனுமதித்த அலுவலகம் டிஃபென்ஸ் பி.சி.டி.ஏ.பி. அலகாபாத், வழங்கும் அலுவலகம் ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலகாபாத் என்று இருக்க வேண்டும். பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) எண்ணும் ஸ்பர்ஷ் தந்த புதிய எண்தான், பழையது அல்ல. ஊர் பெயர் பிரயாக்ராஜ் ஆகிவிட்டாலும் பட்டியலில் அலகாபாத்தைத்தான் தேட வேண்டும். ஐ.டி. வந்ததோடு வேலை முடியவில்லை. ஸ்பர்ஷில் நுழைந்து ஏற்கப்பட்டதா என்று பாருங்கள்.

வங்கி மேனேஜர் நல்ல மனிதர். "எஃப்.டி. மாதிரிதான் சார், வட்டி கூட" என்று 2 லட்சம் வாங்கிக்கொண்டார். ஒரு வருடம் கழித்து இன்னொரு 2 லட்சம் கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வருகிறது. (சுபேதார், கரூர்)

இந்தக் கடிதம் மாவட்டம் மாறி மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது எஃப்.டி. ரசீது அல்ல, பத்தாண்டு பிரீமியம் கட்ட வேண்டிய எண்டோமென்ட் (சேமிப்போடு கூடிய ஆயுள் காப்பீட்டு) பாலிசி. மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே இல்லை. அவருக்கு மாத இலக்கு இருக்கிறது, உங்கள் கணக்கில் முப்பது லட்சம் விழுந்த அன்றே அவர் திரையில் அது தெரிந்துவிட்டது. டீ வரவழைத்து, "ஜெய் ஹிந்த் சாப்" என்று சொல்லி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார். இருபது வருடம் ஆயுதப் பதிவேட்டில் ஒரு தோட்டா குறைந்தாலும் கேள்வி கேட்டவர்கள், இங்கே மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறீர்களே!

பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் என்றால் காரணம் சொல்லித் திருப்பித் தந்திருக்கலாம். சிறு பிடித்தம் போக முழுப் பணமும் வந்திருக்கும். மின்னஞ்சலில் வந்தாலும் அந்த நாள்தான் கணக்கு. பலர் தபாலுக்காகக் காத்திருந்து தவறவிடுகிறார்கள். உங்களுக்கு அது கடந்துவிட்டது. இனி செய்ய வேண்டியது: முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, "எஃப்.டி. என்று சொல்லி விற்றார்கள்" என்று எழுத்தில் புகார். கூடவே காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதியுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னை காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (முறையீட்டு நடுவர்). கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. பாலிசி போட்ட பிறகு வந்த சரிபார்ப்பு அழைப்பின் பதிவைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லுங்க சார்" என்று பக்கத்திலிருந்தவர் சொல்லி நீங்கள் ஆமாம் போட்டிருந்தால், வழக்கு அங்கேதான் பலவீனமாகும்.

புகார் தோற்றால்? அடுத்த ஒன்பது ஆண்டு கட்டினாலும் கைக்கு வரும் வருமானம் பெரும்பாலும் 5, 6 சதவீதம்தான். யூலிப் (சந்தை முதலீட்டோடு இணைந்த காப்பீடு) என்றால் ஐந்தாண்டு பூட்டு உண்டு, நிறுத்தினாலும் அதுவரை காத்திருக்க வேண்டும். சரண்டர் மதிப்பை (பாலிசியை இடையில் முடித்தால் கிடைக்கும் தொகையை) எழுத்தில் வாங்கி, மிச்ச பிரீமியத்தை எஃப்.டி.யில் போட்டால் எவ்வளவு என்று ஒப்பிட்டு முடிவெடுங்கள். கட்டிய காசுக்காக அழுது மேலும் கட்டாதீர்கள்.

மீண்டும் சொல்கிறேன், அடுத்த இதழிலும் சொல்வேன்: படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு இரவு வைத்திருந்து, படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். "இன்றைக்கே கடைசி நாள் சாப்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகன் அக்னிவீர். நான்கு வருடம் முடிந்தால் சேவா நிதி எவ்வளவு? பென்ஷன் உண்டா? (மதுரை)

பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. சம்பளத்தில் 30 சதவீதம், அதே அளவு அரசு பங்கு, வட்டி சேர்த்து 11.7 லட்சம் ஒட்டி வரும், வரி இல்லாமல். இடையில் தானாக விலகினால் அரசின் பங்கு கிடைக்காது. நிரந்தரப் பணிக்குத் தேர்வானாலும் அவர் கட்டியதும் அதன் வட்டியும்தான். இந்தப் பணத்தை நம்பி இப்போதே வீட்டுக்கு அஸ்திவாரம் போடாதீர்கள்.

செக்யூரிட்டி வேலையில் 30,000 சம்பளம், பென்ஷன் தனி. இரண்டு இடத்திலும் வரி பிடிக்கவில்லை. அப்படியென்றால் வரி இல்லைதானே? (கோவை)

இரண்டு இடமும் ஒன்றையொன்று அறியாது, அவ்வளவுதான். ஒவ்வொரு இடமும் தனித்தனியாக 75,000 நிலைக் கழிவைக் கொடுத்துவிடும்; உங்களுக்கு உள்ளது ஒன்றுதான். சம்பளம், பென்ஷன், எஃப்.டி. வட்டி மூன்றையும் கூட்டுங்கள். 2025-26-க்குப் புதிய முறையில் கழிவு போக 12 லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை. தாண்டினால் வரியை நீங்களே கட்ட வேண்டும். கிராஜுவிட்டி, கமுடேஷன், விடுப்புப் பணம், பி.எஃப். ஆகியவற்றை இதில் சேர்க்காதீர்கள்.

பி.பி.ஓ.வில் மனைவி பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'மகாலட்சுமி'. பரவாயில்லையா? (திருவண்ணாமலை)

நீங்கள் இருக்கும் வரை பரவாயில்லை. அதன் பிறகு அந்த அம்மாதான் ரெக்கார்ட் ஆபீசுக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடப்பார். நமக்கு இன்ஷியல், அங்கே சர்நேம். அப்பா பெயர் வீட்டுக்காரர் பெயராக ஏறிய குடும்பங்களும் உண்டு. ஸ்பர்ஷில் சுயவிவரப் பகுதியில் திருத்தக் கோரிக்கை போட்டு, ஆதாரையும் திருமணச் சான்றையும் ஏற்றுங்கள். திருமணமே பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரம் பதியும் படை ஆணை) வரவில்லை என்று தெரிந்தால் உங்கள் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதம் எழுதித் தர உதவுவார்கள். வங்கிக் கணக்கு மனைவியோடு கூட்டாக இருக்கட்டும். ஏ.ஜி.ஐ.எஃப். (ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி) விரிவாக்கக் காப்பீட்டுச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் காட்டி வையுங்கள், அந்தக் காப்பீட்டுப் பணம் குடும்பப் பென்ஷனோடு தானாக வராது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ரெஜிமென்ட் நண்பர் நடத்தும் நிறுவனத்தில் லட்சத்துக்கு மாதம் 8,000 தருகிறார்கள். ஆறு மாதமாகச் சரியாக வருகிறது. மீதிப் பணத்தையும் போடலாமா? (ராணிப்பேட்டை)

இதுவரை வந்தது உங்கள் பணமே. இன்றைக்கே அசலைக் கேட்டுப் பாருங்கள்.