காட்டுக்குள் சாலை போட்டால் சாலை அளவு நிலம் மட்டும்தானே போகும்?

இல்லை. 10 மீட்டர் அகலத்தில் 1 கிலோமீட்டர் சாலைக்கு வெட்டுவது 1 ஹெக்டேர்தான். ஆனால் விளிம்பு பாதிப்பு, அதாவது வெட்டிய ஓரத்திலிருந்து காட்டுக்குள் பரவும் கேடு, இருபுறமும் 100 மீட்டர் பரவினால், கூடவே 20 ஹெக்டேர் கெடுகிறது.

அடர்காட்டின் தரை எப்போதும் நிழலும் ஈரமுமாக இருக்கும். சாலை திறந்ததும் வெயிலும் சூடான காற்றும் பக்கவாட்டில் நுழைகின்றன. சருகு மொறமொறவென்று காய்கிறது, ஈரத்தில் முளைக்க வேண்டிய விதை கருகிவிடுகிறது. அக்கம்பக்க மரங்களின் மறைப்பில் நெடுநெடுவென வளர்ந்த பெருமரங்கள் பலத்த காற்றுக்கு முதலில் சாய்கின்றன. பிரேசிலில் மனாஸ் அருகே 1979-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. விழுந்த இடத்தில் கொடிகளும் உண்ணிச்செடி போன்ற களைகளும் ஏறி மரக்கன்றுகளை அமுக்கிவிடும். பிறகு அணைக்காத ஒரு சிகரெட் துண்டு போதும், தீ உள்ளே போக.

தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சாலை மேட்டுக்கு அடியில் போதிய குழாய்ப்பாலம் இல்லையென்றால் மேல்பக்கம் நீர் தேங்கி வேர் அழுகும், கீழ்ப்பக்கம் ஓடை வறண்டுவிடும்.

சாலை தவிர்க்கவே முடியாதென்றால் அகலத்தைக் குறைத்து, மேலே கிளைகள் கூடும்படி மரங்களை விடுங்கள். இரவுப் போக்குவரத்தை நிறுத்துங்கள்.