அரசிலிருந்து மதத்தைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது நாத்திக அரசுதானே?

கேட்டவர் கேள்விக்குக் கீழே ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார்: "பள்ளி, நீதிமன்றம், அரசு அலுவலகம் என எல்லா இடத்திலிருந்தும் கடவுளை எடுத்துவிட்டால், நாத்திகர்கள் விரும்பியது நடந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அது எப்படி நடுநிலை ஆகும்?"

நான் நாத்திகன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதிலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க உங்களுக்கு வசதியாக இருக்கும். நாத்திக அரசு ஆகாது என்பதுதான் என் பதில். ஆனால் இருபது வயதில் இதை என்னிடம் கேட்டிருந்தால், "ஆகட்டுமே, அதிலென்ன தப்பு?" என்றிருப்பேன். பகுத்தறிவு சரியானது என்றால் அதை அரசே பரப்பினால் என்ன குறைந்துவிடும்? அதுதான் அன்றைய என் வாதம். அந்த வாதத்தை நான் கைவிட்டது எந்த ஆன்மிகச் சொற்பொழிவைக் கேட்டும் இல்லை. அல்பேனியாவைப் பற்றிப் படித்துத்தான்.

1967-இல் அல்பேனியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜா தன் நாட்டை உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்தார். பள்ளிவாசல், தேவாலயம், மடம் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் மூடப்பட்டன. சில கிடங்குகள் ஆயின, ஷ்கோடர் நகரப் பேராலயம் விளையாட்டரங்கம் ஆனது, பல இடிக்கப்பட்டன. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்காகக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்னை தெரசாவின் தாயும் அக்காவும் தலைநகர் டிரானாவில்தான் இருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இருவரும் இறக்கும்வரை அவரால் அவர்களைப் போய்ப் பார்க்க முடியவில்லை, அனுமதி கிடைக்கவில்லை. 1976-இல் வந்த அரசியல் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, நாத்திகப் பிரசாரத்தை ஆதரிக்கும் என்றது. அதற்கு ஓராண்டு முன்பே இன்னோர் ஆணை வந்திருந்தது: மத வாடை அடிக்கும் பெயர் வைத்திருப்பவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெயர் ஆணைதான் என்னை உலுக்கியது. கொலையைவிடவா என்று கேட்பீர்கள். கொலை எல்லாக் கொடுங்கோலர்களும் செய்கிற காரியம். ஆனால் யார் தன் பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று ஓர் அலுவலர் முடிவு செய்வதை நினைத்துப் பாருங்கள். அவர் கையில் வேதப்புத்தகம் இருந்திருந்தால் எனக்கு உடனே கோபம் வந்திருக்கும். அறிவியல் புத்தகம் இருந்ததால் கோபம் வரக் கொஞ்சம் தாமதமானது. அந்தத் தாமதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். கேட்டவர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டார். கடவுள் உண்டு என்று அரசு சொல்லாமல் இருப்பது ஒன்று. கடவுள் இல்லை என்று அரசு சொல்வது வேறொன்று. மின்கட்டண ரசீதில் கடவுள் வாழ்த்து அச்சடித்திருப்பதில்லை. அதற்காக அதை நாத்திக ரசீது என்று யாரும் சொல்வதில்லை. கட்டணம் எவ்வளவு என்பதோடு அதன் வேலை முடிந்தது. அல்பேனியா செய்தது அந்த ரசீதிலேயே "கடவுள் இல்லை" என்று அச்சடித்த வேலை. நான் கேட்பது வெறும் ரசீதை.

ஆங்கிலத்தில் மதச்சார்பின்மையைக் குறிக்கும் சொல்லை 1851-இல் உருவாக்கியவர் ஜார்ஜ் ஹோலியோக். கடவுள் நிந்தனைக்காக 1842-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர் அவர். அப்படிப்பட்டவரே, நாத்திகம் என்று சொல்லாமல் வேறு பெயர் தேடினார். கடவுளை நம்புகிறவரும் வந்து உட்காரக்கூடிய இடம் ஒன்று வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அப்புறம், இது நாத்திகர்கள் ஆரம்பித்த கோரிக்கை என்பதே வரலாற்றில் நிற்காது. அரசுக்கும் திருச்சபைக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று அமெரிக்க மண்ணில் முதலில் பேசியவர்களில் ஒருவர் ரோஜர் வில்லியம்ஸ். மதபோதகர், அதிலும் கடும் பக்தர். மாசசூசெட்ஸ் காலனி 1635-இல் அவரை நாடுகடத்தியது. அடுத்த ஆண்டு போய் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். 1644-இல் அவர் எழுதியபோது திருச்சபையைத் தோட்டம் என்றார், உலகத்தைக் காடு என்றார். சுவர் எதற்கு? தோட்டத்துக்குள் காடு புகாமல் இருக்க. அதாவது அவருடைய கவலை மதம் அரசைக் கெடுத்துவிடும் என்பதில்லை, அரசு மதத்தைக் கெடுத்துவிடும் என்பது.

அதே சுவர் 1802 ஜனவரி 1 அன்று அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தில் திரும்ப வந்தது. கடிதம் யாருக்கு? கனெக்டிகட் மாநிலத்தில் டேன்பரி வட்டாரத்து பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு. அங்கே காங்கிரிகேஷனல் என்ற இன்னொரு கிறிஸ்தவச் சபைதான் அரசு ஆதரவு பெற்ற சபை, அதற்கு எல்லோரும் வரி கட்ட வேண்டும். "நான் வேறு சபையைச் சேர்ந்தவன்" என்று சான்றிதழ் கொடுத்தால் விலக்கு உண்டு. பாப்டிஸ்டுகளுக்கு எரிச்சல் வரியைவிட அந்தச் சான்றிதழில்தான். என் சாமியைக் கும்பிட நான் ஏன் ஓர் அதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும்? 1818 வரை அந்த மாநிலத்தில் அந்த நிலை நீடித்தது.

இடையில் ஒரு வேடிக்கை. அந்தக் கடிதம் எழுதிய அதே நாளில் ஜெஃபர்சனுக்கு ஒரு பரிசு வந்து சேர்ந்தது: 1,235 பவுண்டு எடையுள்ள ஒரே பாலாடைக்கட்டி, நம் கணக்கில் சுமார் 560 கிலோ. அதைக் கொண்டுவந்தவர் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். எதிரிகள் ஜெஃபர்சனை நாத்திகர் என்று தூற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு போதகர் அவருக்கு அரை டன் பாலாடைக்கட்டியை இழுத்து வருகிறார் என்றால், யாருக்கு இந்தச் சுவர் அதிகம் தேவைப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பக்தர்கள் கட்டிய சுவருக்குள் எங்களுக்கு இடம் சும்மா கிடைக்கவில்லை. மதச் சகிப்புக்காக 1689-இல் வாதாடிய ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், நாத்திகர்களை மட்டும் சகிக்கவே கூடாது என்றார். சத்தியமும் ஒப்பந்தமும் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் சொன்ன காரணம். இந்த ஒரு காரணத்தைத் தாண்ட இருநூறு ஆண்டுகள் ஆயின.

சார்லஸ் பிராட்லா 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். ஊரறிந்த நாத்திகர். கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கிறேன் என்றார். உனக்கு அந்த உரிமை இல்லை என்றார்கள். சரி, எல்லோரையும் போலச் சத்தியமே செய்கிறேன் என்றார். நம்பிக்கை இல்லாதவன் செய்யும் சத்தியம் செல்லாது என்றார்கள். முன்னால் போனாலும் இடிக்கும், பின்னால் போனாலும் இடிக்கும். நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்துவைத்தார்கள். கொஞ்ச நாள் உட்கார விட்டு, நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி வெளியேற்றினார்கள். 1881, 1882, 1884 இடைத்தேர்தல்களில் தொகுதி மக்கள் அவரையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது, அவர்களில் பெரும்பாலோர் நாத்திகர்கள் இல்லை. கடைசியில் 1886-இல்தான் அவர் முறையாக இடம்பெற்றார். இனி யாரும் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி எடுக்கலாம் என்ற சட்டத்தை 1888-இல் அவரே கொண்டுவந்து நிறைவேற்றினார். லண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தி 1891-இல் அவருடைய இறுதிச் சடங்குக்குப் போயிருந்தார்.

இந்திய அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இன்று இரண்டு வாசகங்களும் உள்ளன. கடவுள் பெயரால் ஆணையிடலாம், "உளமார உறுதி" கூறலாம். தேர்வு பதவியேற்பவருடையது. எது செல்லும், எது செல்லாது என்று யாரும் அவர் நெஞ்சைத் தோண்டிப் பார்ப்பதில்லை. நடுநிலை என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லா நாட்டிலும் கோடு இவ்வளவு நேராக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தின் மேலவையில் 26 திருச்சபை ஆயர்கள் பதவி வழியாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பதிவுபெற்ற சபையின் உறுப்பினரிடம், அவர் கட்டும் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதத்தை அரசே சபைக்காகக் கூடுதலாக வசூலித்துக் கொடுக்கிறது. வேண்டாம் என்றால் அலுவலகத்துக்குப் போய் விலகல் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரான்ஸ் 1905-இல் எந்த மதத்துக்கும் சம்பளம் இல்லை, மானியம் இல்லை என்று சட்டம் போட்டது. ஆனால் அல்சாஸ் பகுதி அன்று ஜெர்மனி கையில் இருந்ததால், அங்கே பாதிரியாருக்கு இன்றும் அரசுச் சம்பளம் போகிறது. சட்டத்துக்கும் பழக்கத்துக்கும் நடுவே இப்படி எத்தனையோ ஒட்டுப்போட்ட இடங்கள்.

அதே பிரான்ஸ் 2004-இல் அரசுப் பள்ளி மாணவர்கள் எடுப்பான மதச் சின்னம் அணியக் கூடாது என்றது. இதில் என் நாத்திக நண்பர்கள் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆசிரியர் அரசின் ஆள், வகுப்பில் அவர் எந்தக் கடவுளுக்கும் பேசக் கூடாது, சரி. மாணவி அரசின் ஆள் இல்லை. அவள் தலையில் என்ன போட்டிருக்கிறாள் என்று பள்ளி பார்க்க ஆரம்பித்தால், அல்பேனியாவின் அந்த அலுவலர்தான் எனக்கு ஞாபகம் வருகிறார்.

பிரிக்காத இடங்களில் அடிபடுவது நாத்திகர்கள் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். லெபனானிலும் இஸ்ரேலிலும் திருமணம் மத அமைப்புகளின் கையில் இருக்கிறது. இரண்டு மதத்துக் காதலர்கள் சைப்ரஸ் தீவுக்குப் பறந்து போய்ப் பதிவு செய்துகொண்டு திரும்புகிறார்கள். இருவருமே அவரவர் கடவுளை மனதார நம்புகிறவர்களாக இருக்கலாம். அமெரிக்கப் பள்ளிகளில் அரசு எழுதிக்கொடுத்த 22 சொல் ஜெபத்தை உச்ச நீதிமன்றம் 1962-இல் நிறுத்தியதே, அந்த வழக்கைப் போட்ட பெற்றோரில் யூதர்களும் இருந்தார்கள். என் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியும், அரசு எதற்கு என்பது எந்த பக்தரும் கேட்கக்கூடிய கேள்விதானே.

எனக்கு இதில் சொந்தமாக என்ன கிடைத்தது என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது "மதம்" என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். எழுத்தர் நல்ல மனிதர், அலுத்துப் போயிருந்தார். "எதையாவது போடுங்க சார், போடலன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. என் பெற்றோரின் மதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிராட்லா ஆறு ஆண்டு நின்றார், நான் ஆறு நிமிடம்கூட நிற்கவில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு விபத்து வழக்கில் சாட்சி சொல்லப் போனேன். கடவுள் பெயரால் சத்தியம் செய்யச் சொன்னபோது, உறுதிமொழி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பெரிய வாக்குவாதம் வரும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஊழியர் ஒரு பக்கத்தைப் புரட்டினார், வேறு வாசகத்தைப் படித்தார், நான் திருப்பிச் சொன்னேன். இருபது நொடி. என் ஒத்திகை வீண்.

வெளியே வந்ததும் அதே வழக்கில் அடுத்த சாட்சியாகக் காத்திருந்த பெரியவர் என்னை நிறுத்தினார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"தம்பி, நீங்க எந்த சபை?"

எனக்குப் புரியவில்லை. அவரே தொடர்ந்தார். சத்தியமே செய்யக் கூடாது என்று பைபிளில் இருக்கிறதாம், அவர்கள் சபையில் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்களாம், உள்ளே போய் என்ன செய்வது என்று காலையிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொண்டிருந்ததாம். பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்: இங்கிலாந்துச் சட்டத்தில் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி என்பதை 1690களிலேயே வாங்கிக் கொடுத்தவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அதே பைபிள் வசனத்துக்காக.

"எனக்கு சபை எதுவும் இல்லைங்க, ஐயா. ஆனா கேட்டா குடுப்பாங்க" என்றேன்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் வராந்தாவிலேயே நின்றேன். உள்ளே அந்தப் பக்கம் மறுபடியும் புரளும் சத்தம் கேட்டது.